கரும்புத் தோட்டத்துக் கால்வாயும் ஒரு நீச்சல் ஆசானும்

நம் சங்கத்து ஆண்டு விழா மலருக்கு ஆண்டுதோறும் யாம் ஒரு சரித்திரக் கட்டுரை எழுதி வருவதை அன்பர்கள் அறிவார்கள். சோழர் கடற்படை, தஞ்சை மராத்தியர், பழைய தென்னிந்திய ரயில்வே என இதுகாறும் எழுதியவை யாவும் நம் நாட்டுச் செய்திகள். இம்முறை கடல் கடந்த தீவு ஒன்றின் செய்தியை எடுத்துக்கொண்டோம். மெட்ரிகுலேஷனுக்கு மேல் கல்லாத ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு ஹவாய்த் தீவின் கதை எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். அதற்கான காரணம் நம் காலனியின் பின்புறத்துக் கால்வாயில் இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் அக்கால்வாயில் நிகழ்ந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் பிள்ளைகள் ஐவர் பெற்றோர் அறியாமல் அங்கே சென்றனர். அவர்களுள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நீரோட்டத்தில் அகப்பட்டு மதகு வரை இழுத்துச் செல்லப்பட்டான். எருமை மேய்க்கும் முதியவர் ஒருவர் தம் கோலை நீட்டியிராவிடில் இவ்வாண்டு விழாவை நாம் இத்துணை மகிழ்ச்சியோடு கொண்டாடியிருக்க இயலாது. மறுநாளே காலனிவாசிகள் கூடினோம். கால்வாய்க்குக் கம்பி வேலி வேண்டும் என்று விண்ணப்பம் எழுத முடிவாயிற்று. எம் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதனால் அதை எழுதும் பொறுப்பு எம்மிடமே வந்தது. வேலியும் வந்தது. மூன்றே மாதத்தில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு அதில் துளையும் வந்துவிட்டது.

அந்நாட்களில்தான் சோய்ச்சி சகமோட்டோ என்னும் ஆசிரியரின் வரலாறு எமக்கு வாசிக்கக் கிடைத்தது. அதை வாசித்து முடித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

தோட்டமும் தோட்டத்து மக்களும்

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மௌயி. தனியரசாக விளங்கிய இத்தீவுகளை 1898-ஆம் ஆண்டு அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு முன்னரே அங்கே கரும்பு அரசோச்சத் தொடங்கிவிட்டது. கரும்பு பயிரிட ஆட்கள் வேண்டும். சீனத்திலிருந்தும், ஜப்பானிலிருந்தும், போர்த்துக்கல்லிலிருந்தும், பின்னர் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். ஜப்பானிய அரசின் உடன்படிக்கையின்கீழ் வந்த முதற் கூட்டத்தார் 1885-இல் ஹொனலூலு துறைமுகத்தில் கரை சேர்ந்தனர்.

இது தமிழர்க்குப் புதிய கதையன்று. அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, 1860-இல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவும் கரும்புக்காகவே. உலகம் தேநீரில் இட்டுக் கலக்கிய சர்க்கரையில் எத்தனை நாட்டு மக்களின் வியர்வை கரைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

ஹவாய்த் தோட்டங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதற்குப் 'பாங்கோ' என்று பெயர். சம்பளப் பட்டியலில் அந்த எண்ணே ஆளுக்கு அடையாளம். மேற்பார்வையாளர்க்கு அந்நிய நாட்டுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. எண் எளிதில் நுழைந்தது. ரயில்வே அலுவலகத்தில் பெயர்களையும் எண்களையும் ஆயுள் முழுதும் பேரேட்டில் பதித்து வரும் எமக்கு, பெயரை விட்டு எண்ணை மட்டும் எழுதும் அப்பேரேடு கண்ணில் நின்றது. தொழிலாளரின் குடியிருப்புகளுங்கூட நாட்டுவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஜப்பானிலிருந்து வந்த பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை பெற அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. அம்மண்ணில் பிறந்த அவர்தம் பிள்ளைகளோ பிறப்பாலேயே குடிமக்கள். ஒரே வீட்டில், ஒரே பாயில் உறங்கியவர்களுள் தந்தை அந்நியர், மகன் குடிமகன்!

கால்வாயின் வரலாறு

மௌயி தீவில் ஹாலயகலா என்னும் பெருமலை இருக்கிறது. அதன் வடகிழக்குச் சரிவில் ஓயாது மழை பெய்யும். தீவின் நடுவே உள்ள சமவெளியோ வறண்டது. மழை பெய்யும் இடத்தில் கரும்பு விளையப் போதிய வெயிலில்லை. வெயில் அடிக்கும் இடத்தில் நீரில்லை. ஆகவே தோட்ட முதலாளிகள் மலையிலிருந்து சமவெளிக்குக் கால்வாய் வெட்டினர். 1876-இல் தொடங்கி 1878-இல் முடிந்த ஹமாகுவாக் கால்வாய் அவற்றுள் முதன்மையானது. காலப்போக்கில் கிளைக் கால்வாய்கள் பெருகித் தோட்டத்து வயல்களினூடே ஓடின.

அச்சமவெளியின் நடுவில் புவுனேனே என்னும் ஊரும், அதில் பெரிய சர்க்கரை ஆலையும் இருந்தன. வெயிலில் வாடிய கூலிக் குழந்தைகளுக்கு அக்கால்வாய்களை விட்டால் வேறு குளிர்ச்சி ஏது? பள்ளி விட்டதும் உடைகளைக் கரையில் எறிந்துவிட்டு நீரில் குதிப்பார்கள். தோட்டத்துக் காவலர் துரத்துவார், பிள்ளைகள் ஓடுவார்கள், அவர் தலை மறைந்ததும் திரும்பவும் குதிப்பார்கள். இக்காட்சியை விவரித்து எழுத வேண்டிய அவசியமில்லை. நம் வேலியின் துளை வழியே பார்த்தால் போதும்.

கரையில் நின்ற ஆசிரியர்

புவுனேனே பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்தார் சோய்ச்சி சகமோட்டோ. 1906-ஆம் ஆண்டு மௌயி தீவிலேயே ஜப்பானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். சாரணர் இயக்கத்திலும் ஈடுபாடு உடையவர். 1930-களின் முற்பகுதியில் அவர் இக்குழந்தைகள் துரத்தப்படுவதைக் கண்டார். இவர்களை யாம் கவனித்துக்கொள்கிறோம், எம் பொறுப்பில் விடுங்கள் என்று தோட்டத்தாரிடம் கேட்டுப் பெற்றார். அன்று முதல் பள்ளி முடிந்த பின்னர் கால்வாய்க் கரையில் நிற்பது அவர் வழக்கமாயிற்று. இதற்கென அவர் ஊதியம் எதுவும் பெறவில்லை.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சகமோட்டோ தாம் சிறந்த நீச்சல்காரர் அல்லர். நீரில் ஏதோ சமாளிக்கத் தெரிந்தவர், அவ்வளவே. அவரிடம் இருந்தவை இரண்டு கண்களும், அறிவியல் ஆசிரியருக்குரிய ஆராயும் மனமும், நாள் தவறாமல் வந்து நிற்கும் கால்களுமே. பிள்ளைகளின் கை எப்படி நீரைப் பிடிக்கிறது, கால் எப்போது தளர்கிறது, மூச்சு எங்கே முட்டுகிறது என்று பார்த்துப் பார்த்தே அவர் நீச்சற்கலையைத் தாமும் கற்றார்.

குளம் இல்லாத குறையைக் கால்வாயே ஒரு நன்மையாக மாற்றித் தந்தது. நீரோட்டத்துக்கு எதிராகப் பிள்ளைகளை முழு வலிமையோடு நீந்தச் செய்வார். குறித்த தொலைவு சென்றபின் உடலைத் தளர்த்தி ஓட்டத்தோடு மிதந்து திரும்பச் சொல்வார். மறுபடியும் எதிர்நீச்சல், மறுபடியும் மிதப்பு. கடும் உழைப்பு, சிறு ஓய்வு, மீண்டும் உழைப்பு என்னும் இம்முறையைப் பிற்காலத்து நீச்சல் வல்லுநர்கள் யாவரும் மேற்கொண்டனர். உழைக்கும்போது விரையும் இதயத் துடிப்பு ஓய்வின்போது முற்றிலும் அடங்குவதற்குள் அடுத்த உழைப்பைத் தொடங்கினால், இதயமும் நுரையீரலும் படிப்படியாக வலுப்பெறுகின்றன என்பதே அதன் அடிப்படை. தோட்டத்துக் கால்வாயில் இவ்வுண்மையைக் கண்டுகொண்ட முன்னோடிகளுள் சகமோட்டோவும் ஒருவர்.

மூன்று ஆண்டுத் திட்டம்

1940-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் டோக்கியோவில் நடைபெறும் என்று 1936-இல் முடிவாயிற்று. 1937-இல் சகமோட்டோ தம் மாணவர்களைக் கூட்டினார். இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. அதற்குள் அமெரிக்க அணியில் இடம்பெறும் அளவுக்கு உங்களை உருவாக்குவோம் என்றார். சங்கத்துக்கு 'மூன்றாண்டு நீச்சல் சங்கம்' என்றே பெயரிட்டார். கூலிகளின் பிள்ளைகள், தம் பெற்றோர் பிறந்த நாட்டின் தலைநகரில், தாம் பிறந்த நாட்டின் கொடியைத் தாங்கி நீந்த வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. அந்தக் கனவின் ஆழத்தைப் பிறமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மை விட நன்கு உணர வல்லவர் யார்?

ஜப்பானோ சீனத்தோடு போரில் இறங்கியிருந்தது. 1938-ஆம் ஆண்டு ஜூலையில் அது ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தும் பொறுப்பைக் கைவிட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகருக்கு அப்பொறுப்பு மாறியது. சகமோட்டோ மனம் தளரவில்லை. டோக்கியோ இல்லையெனில் ஹெல்சிங்கி. பயிற்சி நிற்கவில்லை.

1939-இல் அவருடைய அணி கடலைக் கப்பலில் கடந்து, பின்னர் தரைவழியே நெடுந்தொலைவு சென்று, அமெரிக்காவின் ஆடவர் தேசியத் திறந்தவெளி நீச்சற்போட்டியில் கலந்துகொண்டது. பெருநகரச் சங்கங்கள் பலவற்றையும் வென்று அணிக்குரிய பட்டத்தைக் கைப்பற்றியது. 1940-இலும் 1941-இலும் அதே பட்டம் மீண்டும் அவர்களுக்கே கிடைத்தது. கியோ நகமா, ஹாலோ ஹிரோசே என்னும் இளைஞர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. புஜிகோ கத்சுதானி என்னும் பெண் மார்பு நீச்சலில் 1939-இல் தேசியப் பட்டம் பெற்றார். எண்களால் அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளை நாடு பெயர் சொல்லி அழைத்தது!

ஆனால் எந்தப் பந்தயத்துக்காக அவர்கள் நீந்தினார்களோ அது நடைபெறவில்லை. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் சோவியத் படைகள் பின்லாந்தின்மீது பாய்ந்தன. 1940 ஒலிம்பிக் கைவிடப்பட்டது. 1944 ஒலிம்பிக்கும் அவ்வாறே மறைந்தது. வித்தை தேர்ந்து நின்ற வேளையில் அரங்கமே இல்லாமற்போயிற்று.

போரின் நிழல்

1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அன்று முதல் ஜப்பானியப் பெயர் தாங்கியவர் எவரும் ஐயத்துக்கு உரியவராயினர். அமெரிக்கப் பெருநிலத்தில் சுமார் 1,20,000 ஜப்பானிய வமிசத்தவர் வீடு வாசல் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். ஹவாயில் அவர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்தமையால் அவ்வாறு எல்லோரையும் அடைக்க இயலவில்லை. எனினும் ஐயமும் அச்சமும் தீவை விட்டு நீங்கவில்லை.

1943-இல் ஜப்பானிய வமிசத்து இளைஞர்களைக் கொண்டே 442-ஆம் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. ஹிரோசே அதில் சேர்ந்து ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றார். ஒலிம்பிக் அணியின் உடையை அணிய ஏங்கியவர் அணிந்தது போர்வீரனின் உடை. திரும்பி வந்தபின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சார்பில் நீந்தி, 1946-இல் கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் பட்டத்தை வென்றார். நகமாவும் அதே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1942-இல் ஒரு மைல் நீச்சலில் உலக சாதனை புரிந்தவர். இவ்விருவரில் ஒருவர்க்கும் ஒலிம்பிக்கில் நீந்தும் வாய்ப்புக் கிட்டவேயில்லை.

பல்கலைக்கழகத்தில்

போர் ஓய்ந்தபின் சகமோட்டோ ஹொனலூலு சென்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நீச்சற்பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். கால்வாய்க் கரையில் கூலிக் குழந்தைகளோடு தொடங்கியவர் கல்லூரி மாணவர்களுக்கு ஆசானானார். அத்தோடு ஹவாய் நீச்சல் சங்கத்தின் வாயிலாகப் பள்ளிச் சிறுவர் சிறுமியர்க்கும் கற்பிப்பதை அவர் விடவில்லை.

1948-இல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. பில் ஸ்மித் என்பவர் ஹொனலூலுவிலிருந்து மௌயிக்கு வந்து சகமோட்டோவிடம் பயின்றவர்; சிறுவயதில் குடற்காய்ச்சலால் வாடிய உடலை நீச்சலால் தேற்றிக்கொண்டவர். அவர் 400 மீட்டர் போட்டியிலும், நால்வர் நீந்தும் 800 மீட்டர் தொடர்நீச்சலிலும் தங்கப் பதக்கம் வென்றார். மூன்று ஆண்டில் முடிக்க எண்ணிய காரியம் நிறைவேற 11 ஆண்டுகள் ஆயின.

1952-இல் ஒலிம்பிக் ஹெல்சிங்கியில் நடைபெற்றது. ஆம், 12 ஆண்டுகளுக்கு முன்னர் மௌயிப் பிள்ளைகள் செல்லக் காத்திருந்த அதே நகரம். அங்கே சகமோட்டோவின் மாணவி ஈவ்லின் கவமோட்டோ இரண்டு வெண்கலப் பதக்கங்களும், மாணவர் பில் வூல்சி தொடர்நீச்சலில் தங்கமும் பெற்றனர். வேறு ஆசான்களிடம் பயின்ற ஹவாய் இளைஞர்களான ஃபோர்டு கொன்னோவும் யோஷி ஓயகவாவும் தங்கம் வென்றனர். ஒருவர் வெட்டிய பாதையில் பலர் நடந்தனர் என்பதற்கு இது சான்று. அதே 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் ஜப்பானியக் குடியேறிகளும் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்னும் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகள் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவரவும் பெற்றோர்க்கு அந்நாட்டின் கதவு திறக்கவும் ஆண்டு ஒன்றாக அமைந்தது. ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று சொல்வது மிகையாகும். ஆயினும் இரண்டையும் ஒருசேர நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1961-இல் கியோ நகமா மொலகாய் தீவிலிருந்து ஒவாஹு தீவு வரையுள்ள கொந்தளிக்கும் கடலை நீந்திக் கடந்தார். அதைக் கடந்த முதல் மனிதர் அவரே. ஏறத்தாழ 15½ மணி நேரம் நீரில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 40-ஐக் கடந்திருந்தது. பதக்கம் தர எவரும் அழைக்காதபோதும், கால்வாயில் கற்ற வித்தை அவரை விட்டு அகலவில்லை.

சகமோட்டோவின் பெயர் 1966-இல் சர்வதேச நீச்சல் புகழ்மண்டபத்தில் பொறிக்கப்பட்டது. 1997-இல் அவர் மறைந்தார். புவுனேனே சர்க்கரை ஆலையும் 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தன் கடைசி அறுவடையை அரைத்துவிட்டு ஓய்ந்தது. ஹவாயில் எஞ்சியிருந்த கடைசிக் கரும்பாலை அதுவே. கரும்பு போயிற்று, ஆலை போயிற்று. ஆசிரியர் கரையில் நின்ற கதை நிலைத்துவிட்டது.

நமக்குரியது

இவ்வரலாற்றில் எம்மை உறங்கவிடாமல் செய்தது பதக்கங்கள் அல்ல. பதக்கம் பெற்றோர் சிலர்; கால்வாயில் நீந்தக் கற்றோர் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. அவர்கள் நீரில் மூழ்காமல் வளர்ந்தார்கள், துரத்தப்படாமல் வளர்ந்தார்கள், ஒரு பெரியவர் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்னும் உறுதியோடு வளர்ந்தார்கள். அதுவே அந்த ஆசிரியரின் முதல் வெற்றி. 1940 ஒலிம்பிக் கைவிடப்பட்டபோதும் அவ்வெற்றியை எவராலும் கைவிடச் செய்ய இயலவில்லை.

புவுனேனேயிலும் பிள்ளைகள் இருந்தார்கள், கால்வாய் இருந்தது, ஆபத்தும் இருந்தது. அங்கே ஒருவர் கரையில் போய் நின்றார். இங்கே நாம் விண்ணப்பம் எழுதினோம். வேலி வேண்டாம் என்று யாம் கூறவில்லை. நீரோட்டம் மிகுந்த மதகின் அருகே வேலி வேண்டியதே. சிறுவர்கள் அங்கே இறங்கவே கூடாது. ஆனால் வேலி கட்டியதோடு கடமை முடிந்தது என்று அன்று யாம் எண்ணியது தவறு. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு இவ்வூர்க் கால்வாயில் வேலி கட்டினால், விடுமுறைக்குச் செல்லும் ஊரில் காவிரிக்கும் தாமிரபரணிக்கும் யார் வேலி கட்டுவது? வேலி ஓரிடத்தைத்தான் காக்கும். கற்ற வித்தை சென்ற இடமெல்லாம் துணை வரும்.

ஆகவே இவ்வாண்டு யாம் இரண்டாவது விண்ணப்பம் ஒன்றை எழுதி நம் சங்கச் செயற்குழுவிடம் அளித்திருக்கிறோம். இன்ஸ்டிடியூட் நீச்சற்குளத்தில் ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் காலனிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுப் பெறவேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்க்குச் சங்கம் ஊதியம் தரவேண்டும். பெண்பிள்ளைகளையும் தவறாமல் சேர்க்கவேண்டும். பெற்றோருள் இருவர் முறை வைத்துக்கொண்டு கரையில் நிற்கவேண்டும் என்பன அதன் வாசகங்கள். யாமும் நீந்தத் தெரியாதவரே. ஆயினும் கரையில் நிற்கத் தெரியும். முறைப் பட்டியலின் முதல் ஞாயிற்றுக்கு எம் பெயரை எழுதியிருக்கிறோம். அடுத்த வரி காலியாக உள்ளது. அன்பர்களுள் யாரேனும் விழா முடிந்து வீடு திரும்புமுன் அதை நிரப்பித் தந்தால் நன்றியுடையோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!